பித்தளைத் தகடும் பங்குப் பதிவேடும்: வாஷிங்டனின் முன்னோரைத் தேடிய கதை

அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனின் கொள்ளுத் தாத்தா பெயர் ஜான் வாஷிங்டன். இங்கிலாந்திலிருந்து கப்பலேறி 1657-ல் வர்ஜீனியாவில் குடியேறியவர். சரி, அந்த ஜானின் தகப்பனார் யார்?

இந்த ஒரு கேள்விக்கு விடை காண ஏறக்குறைய நூறு ஆண்டுகள் பிடித்தன. பெரிய பெரிய பட்டங்கள் பெற்றவர்கள் தவறான விடையைச் சொன்னார்கள். அந்த விடை புத்தகங்களில் ஏறிக்கொண்டது. கடைசியில் உண்மை வெளிப்பட்டது ஓர் ஏழை விதவையின் பெயரைக் கொண்டு. அவள் பெயர் ஆம்பிலிஸ்.

கல்லும் பித்தளையும்

இங்கிலாந்தில் பிரபுக்களுக்குக் கீழே, சாதாரண உழவர்களுக்கு மேலே ஒரு வர்க்கம் இருந்தது. நம்மூர் மிராசுதார்களைப் போலச் சொந்த நிலமும் வீடும் குலச் சின்னமும் உடையவர்கள். இவர்களை 'ஜென்ட்ரி' என்பார்கள். இவர்களுடைய செல்வாக்கெல்லாம் கிராமத்துத் தேவாலயத்தில் தெரியும். முன்வரிசை ஆசனம் இவர்களுக்கு. இறந்தால் வெளியே புல்தரையில் அல்ல, தேவாலயத்துக்கு உள்ளேயே அடக்கம். மேலே பளிங்குச் சிலை, அல்லது பித்தளைத் தகடு, அல்லது எழுத்து வெட்டிய கற்பலகை.

வாஷிங்டன் குடும்பமும் அந்த வர்க்கத்தைச் சேர்ந்ததுதான். நார்த்தாம்ப்டன்ஷயரில் சல்கிரேவ் என்ற கிராமம். நார்த்தாம்ப்டன் நகரத்தின் மேயராக இருமுறை இருந்த கம்பளி வியாபாரி லாரன்ஸ் வாஷிங்டன், 1539-ல் அந்தக் கிராமத்து நிலத்தை 324 பவுன் 14 ஷில்லிங் 10 பென்ஸுக்கு வாங்கினார். எட்டாம் ஹென்றி அரசர் மடாலயங்களைக் கலைத்து அவற்றின் சொத்துக்களை விற்றுக்கொண்டிருந்த காலம் அது. கையில் ரொக்கம் வைத்திருந்த வியாபாரிகள் பலர் ஒரே தலைமுறையில் நிலச்சுவான்தார் ஆனார்கள்.

சல்கிரேவ் தேவாலயத்தில் இந்த லாரன்ஸுக்கும் அவர் மனைவி ஏமிக்கும் பித்தளைத் தகடு பதித்த கல்லறை இருக்கிறது. நான்கு பிள்ளைகள், ஏழு பெண்கள் என்று அதில் வெட்டியிருக்கிறது. ஏமி இறந்த நாள் 1564 அக்டோபர் 6. ஆனால் லாரன்ஸ் இறந்த தேதி இல்லை! அதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். மனைவி இறந்தவுடன் தமக்கும் சேர்த்தே தகடு செய்து வைத்துவிட்டார் மனிதர். அவர் 1584-ல் போனபோது பிள்ளைகள் தேதியை நிரப்பவே இல்லை. கல்லில் இருப்பதெல்லாம் முழு விவரம் என்று நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

சல்கிரேவிலிருந்து சில மைல் தொலைவில் கிரேட் பிரிங்டன். இளவரசி டயானா பிறந்த ஸ்பென்சர் குடும்பத்தின் கல்லறைகள் உள்ள தேவாலயம் இங்கேதான் இருக்கிறது. அதன் தரையில் இன்னொரு லாரன்ஸ் வாஷிங்டனின் கல். முதல் லாரன்ஸின் பேரன் இவர். 1616 டிசம்பர் 13-ல் இறந்தார். மனைவி மார்கரெட் பட்லர். எட்டுப் பிள்ளைகள், ஒன்பது பெண்கள், ஆகப் பதினேழு குழந்தைகள்! அந்தக் கல்லில் ஒரு கேடயம் செதுக்கப்பட்டிருக்கிறது. பார்ப்பவருக்கு இடது பாதியில் கணவன் வீட்டுச் சின்னம். வலது பாதியில் மனைவி வீட்டுச் சின்னம். எழுத்து முழுவதும் தேய்ந்துபோனாலும் கேடயத்தைக் கொண்டே யார் வீட்டில் யார் பெண் எடுத்தார்கள் என்று சொல்லிவிடலாம். அண்ணன் தம்பி இல்லாத பெண்ணாக இருந்தால், அவள் வயிற்றில் பிறந்தவர்கள் தாய்வீட்டுச் சின்னத்தையும் தங்கள் கேடயத்தில் சேர்த்துக்கொள்வார்கள்.

வாஷிங்டன் குடும்பச் சின்னம் வெள்ளைப் பின்னணியில் இரண்டு சிவப்புப் பட்டைகள், மேலே மூன்று சிவப்பு நட்சத்திரங்கள். அமெரிக்கக் கொடியின் நட்சத்திரமும் பட்டையும் இதிலிருந்துதான் வந்தன என்று பலர் சொல்வதுண்டு. அதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் வாஷிங்டன் நகரம் அடங்கிய கொலம்பியா மாவட்டத்தின் கொடி, 1938-ல் இந்தச் சின்னத்தைப் பார்த்தே அமைக்கப்பட்டது.

கல்லறைச் சிற்பங்களுக்கு ஒரு தனி மொழியே உண்டு. அப்பாவும் அம்மாவும் படுத்திருக்க, பக்கத்தில் சின்னஞ்சிறு உருவங்களாகப் பிள்ளைகள் முழந்தாளிட்டிருப்பார்கள். ஒரு பக்கம் ஆண்கள், மறு பக்கம் பெண்கள். சில குழந்தைகள் கையில் மண்டையோடு இருக்கும். பெற்றோருக்கு முன்பே இறந்துபோன குழந்தைகள் அவை.

இரட்டைப் பூட்டுப் பெட்டி

கல் பணக்காரனுக்கு மட்டும்தான். ஏழைக்கும் பணக்காரனுக்கும் பொதுவானது பங்குப் பதிவேடு. பங்கு என்பது ஒரு தேவாலயத்தின் ஆட்சிக்கு உட்பட்ட வட்டாரம்.

எட்டாம் ஹென்றியின் மந்திரி தாமஸ் கிராம்வெல் 1538 செப்டம்பரில் ஓர் ஆணை போட்டார். ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்க வேண்டும். ஞாயிறுதோறும் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் எழுத வேண்டும். ஏட்டை இரண்டு பூட்டுப் போட்ட பெட்டியில் வைக்க வேண்டும். மக்கள் பயந்தார்கள். புது வரிக்கு அடி போடுகிறார்கள் என்று முணுமுணுத்தார்கள். (அந்தப் பயம் 245 ஆண்டுகள் கழித்துப் பலித்தது. 1783-ல் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி போட்டார்கள். பதினோரு ஆண்டுகள் வசூலித்தார்கள். பரம ஏழைகளுக்கு விலக்கு.)

முதலில் காகிதத்தில் எழுதினார்கள். அது செல்லரித்தது. 1598-ல், இனித் தோல் ஏட்டில் எழுதுங்கள், பழையதையும் அதில் நகல் எடுங்கள் என்று உத்தரவு வந்தது. அந்த உத்தரவில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது: முக்கியமாக எலிசபெத் ராணி பட்டத்துக்கு வந்த 1558 முதல் என்று ஒரு வார்த்தை. போதாதா! பாதிரிமார்கள் பலர் அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளை நகல் எடுக்காமல் விட்டுவிட்டார்கள். இன்றும் பல ஊர்ப் பதிவேடு 1558-ல்தான் தொடங்குகிறது. வேலையைக் குறைக்க வழி கிடைத்தால் விடாத குமாஸ்தா எந்த நாட்டிலும் உண்டு.

ஆண்டுதோறும் ஒரு நகலைப் பிஷப்புக்கு அனுப்ப வேண்டும் என்பதும் அப்போது வந்த விதிதான். ஊர் ஏடு எலிக்கோ தீக்கோ இரையானாலும், பிஷப்பின் நகல் கைகொடுக்கும். ஆனால் 1642-ல் அரசருக்கும் பார்லிமெண்டுக்கும் யுத்தம் மூண்டதும் எல்லாம் குலைந்தது. அதிலிருந்து 1660 வரை பல ஊர்களில் ஏடு வெறுமையாகக் கிடக்கிறது. வம்சம் தேடுபவர்கள் வழுக்கி விழும் பள்ளம் இது.

இன்னொரு பள்ளம் காலண்டர். அக்காலத்தில் இங்கிலாந்தில் புத்தாண்டு ஜனவரி முதல் தேதி பிறக்கவில்லை. மார்ச் 25-ல் பிறந்தது. நமக்குச் சித்திரை போல என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே ஏட்டில் '1652 ஜனவரி' என்று இருந்தால், இன்றைய கணக்கில் அது 1653 ஜனவரி. 1752-ல்தான் ஜனவரி முதல் தேதிக்கு மாறினார்கள். இது தெரியாமல், தகப்பன் இறந்த பிறகு பிள்ளை பிறந்ததாகவும், திருமணத்துக்கு முன்பே குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்ததாகவும் கணக்குப் போட்டு வீண் பழி சுமத்தியவர்கள் உண்டு.

அடக்கப் பதிவிலும் ஒரு வேடிக்கை. உள்நாட்டுக் கம்பளி வியாபாரத்தைக் காப்பாற்ற, பிணத்துக்குக் கம்பளித் துணிதான் சுற்ற வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். 1678 முதல் அதைக் கண்டிப்பாக நடத்தினார்கள். மீறினால் ஐந்து பவுன் அபராதம். மிராசுதார் வீட்டார் சிலர், அபராதத்தைக் கட்டிவிட்டு மெல்லிய லினன் துணியிலேயே அடக்கம் செய்தார்கள். அபராதம் கட்டிய குறிப்பு ஏட்டில் இருந்தால், செத்தவர் வசதியுள்ளவர் என்று பொருள்!

பட்டம் பெற்றவர் செய்த பிழை

இனி வாஷிங்டனுக்கு வருவோம். குலச் சின்னங்களைப் பரிபாலிக்கும் லண்டன் 'காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்' அலுவலகத்தின் தலைமை அதிகாரி சர் ஐசக் ஹெர்ட், 1791-ல் ஜார்ஜ் வாஷிங்டனுக்கே கடிதம் எழுதி, குடும்ப விவரம் கேட்டார். வாஷிங்டன் மறு ஆண்டு பதில் எழுதினார். இந்த விஷயத்தில் தாம் அதிகம் கவனம் செலுத்தியதில்லை என்று ஒப்புக்கொண்டு, தமக்குத் தெரிந்ததைச் சொன்னார். ஜான், லாரன்ஸ் என்று இரண்டு சகோதரர்கள் வர்ஜீனியாவுக்கு வந்தார்கள் என்பதுதான் அதில் முக்கியமான செய்தி.

ஹெர்ட் தம் அலுவலகத்து ஏடுகளைப் புரட்டினார். பிரிங்டனில் அடக்கமான லாரன்ஸின் பதினேழு குழந்தைகளில் ஒரு ஜான் இருந்தார். ஒரு லாரன்சும் இருந்தார். அண்ணன் தம்பி பெயர் பொருந்திவிட்டதே! இவர்கள்தான் அவர்கள் என்று முடிவு கட்டினார். நார்த்தாம்ப்டன்ஷயர் வரலாற்று நூலில் அது அச்சாயிற்று. வாஷிங்டனின் வாழ்க்கை வரலாறு எழுதியவர்களும் அப்படியே எடுத்தாண்டார்கள்.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கமுள்ள நமக்கு இந்தப் பிழை எப்படி நேரும் என்பது எளிதில் விளங்கும். ஒரே தெருவில் நான்கு சுப்பிரமணியன் இருந்தால் தபால்காரர் படும் பாடு! வாஷிங்டன் குடும்பத்தில் தலைமுறைக்கு ஒரு லாரன்ஸ். ஜார்ஜ் வாஷிங்டனின் தாத்தாவும் லாரன்ஸ், அண்ணனும் லாரன்ஸ்.

பிழையை உடைத்தவர் ஓர் அமெரிக்கர். ஜோசப் லெமுவெல் செஸ்டர் என்பது அவர் பெயர். பல்கலைக் கழகத்தில் படித்தவர் அல்ல. வியாபாரமும் பத்திரிகைத் தொழிலும் பார்த்தவர். 1858-ல் லண்டனுக்கு வந்து, சாகும்வரை தேவாலய ஏடுகளையே கட்டிக்கொண்டு அழுதார். அவர் கைப்பட எடுத்த பங்குப் பதிவேட்டுக் குறிப்புகள் மட்டுமே எண்பதுக்கு மேற்பட்ட பெரிய தொகுதிகள்.

1866-ல் செஸ்டர் எடுத்து வைத்த வாதம் எளிமையானது. பிரிங்டன் லாரன்ஸின் மகன் ஜான், 'சர்' பட்டம் பெற்றவர். இஸ்லிப் என்ற ஊர்த் தேவாலயத்தில் அவர் மனைவி மேரியின் நினைவுச் சின்னம் இருக்கிறது. வர்ஜீனியாவுக்கு வந்த ஜானை எந்தப் பத்திரத்திலும் 'சர் ஜான்' என்று குறிப்பிடவில்லை. கிடைத்த பட்டத்தை யாராவது கடலில் எறிந்துவிட்டு வருவார்களா? மேலும், வயதும் இடிக்கிறது. தம்பி லாரன்ஸோ ஒரு பாதிரியார். வர்ஜீனியாவுக்கு வந்த லாரன்ஸ் பாதிரியார் அல்ல. ஆகவே இவர்கள் அவர்கள் அல்ல.

எழுபத்தைந்து ஆண்டுக் கட்டடம் இடிந்தது. ஆனால் அதன் இடத்தில் வைக்கச் செஸ்டரிடம் வேறு விடை இல்லை. 1882-ல் அவர் காலமானார். அவருக்கு வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் நினைவுப் பலகை வைத்தார்கள். அந்தத் தேவாலயத்தின் பதிவேடுகளை ஆறாண்டுகளுக்கு முன்பு பதிப்பித்தவரும் அவரே.

விதவை ஆம்பிலிஸ்

அடுத்து வந்தவர் மாஸசூஸெட்ஸ் மாநிலத்து ஹென்றி வாட்டர்ஸ். இவர் கல்லறையிலிருந்து தொடங்கவில்லை. லண்டனில் குவிந்து கிடந்த உயில்களையும் வாரிசுப் பத்திரங்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். அப்போது ஒரு சிறு பதிவு கண்ணில் பட்டது. ஹெர்ட்ஃபர்ட்ஷயரில் ட்ரிங் என்ற ஊரைச் சேர்ந்த காலஞ்சென்ற ஆம்பிலிஸ் வாஷிங்டனின் சொத்தை நிர்வகிக்க, அவள் மகன் ஜானுக்கு அனுமதி. தேதி, இன்றைய கணக்கில் 1656 பிப்ரவரி.

அதே ட்ரிங் ஊர்க்காரரான ஆண்ட்ரூ நோலிங் என்பவரின் உயிலும் அகப்பட்டது. அவர் ஆம்பிலிஸின் மாற்றாந்தகப்பன். தம் நிலத்தை அவள் மகன் லாரன்ஸுக்கு எழுதிவைத்துவிட்டு, மற்றக் குழந்தைகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தார்: ஜான், வில்லியம், எலிசபெத், மார்கரெட், மார்த்தா.

ட்ரிங் பங்குப் பதிவேட்டைத் திறந்தால், 1635-ல் லாரன்ஸ், 1636-ல் எலிசபெத், 1641-ல் வில்லியம் ஆகியோரின் ஞானஸ்நானம் வரிசையாக இருந்தது. தந்தை பெயர் லாரன்ஸ் வாஷிங்டன்.

இனி அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம். வர்ஜீனியா ஜான் 1675-ல் எழுதிய உயிலில், தங்கை மார்த்தாவுக்குப் பத்துப் பவுன் எழுதியிருந்தார். அவள் வர்ஜீனியாவுக்கு வந்த வகையில் தமக்குத் தர வேண்டிய கடனையும் அதில் தள்ளுபடி செய்திருந்தார். ஜான், லாரன்ஸ் என்ற இரண்டு பெயர் மட்டும் பொருந்துவது தற்செயலாக இருக்கலாம். மார்த்தாவும் சேர்ந்து பொருந்தும்போது சந்தேகத்துக்கு இடம் ஏது? வாட்டர்ஸ் தம் முடிவை 1889-ல் வெளியிட்டார். ஹெர்ட் தொட்டது சரியான குடும்பம்தான். ஆனால் ஒரு தலைமுறையை விட்டுவிட்டார். ஹெர்ட் வர்ஜீனியாவுக்கு அனுப்பிய அந்தத் தம்பி லாரன்ஸ் பாதிரியார் கப்பல் ஏறவே இல்லை. ஏறியவர்கள் அவருடைய பிள்ளைகள்.

அந்தப் பாதிரியாரின் கதை பரிதாபமானது. ஆக்ஸ்ஃபர்டில் படித்து, அங்கே கல்லூரியிலேயே பதவியில் இருந்தவர். எஸ்ஸெக்ஸில் பர்லி என்ற ஊர்த் தேவாலயப் பொறுப்பு கிடைத்தது. யுத்தம் வந்தது. அவர் அரசர் பக்கம். 1643-ல் பார்லிமெண்டுக்காரர்கள் அவரை வேலையிலிருந்து துரத்தினார்கள். சாராயக் கடையில் உட்கார்ந்து குடிக்கிறார், பிறரையும் குடிக்கத் தூண்டுகிறார் என்பது குற்றச்சாட்டு. அதை அச்சடித்தும் பரப்பினார்கள். அவரை நன்கு அறிந்த ஒரு மாஜிஸ்டிரேட், அவர் அடக்கமான நல்ல மனிதர் என்று பின்னர் சாட்சி சொன்னார். யார் சொன்னது மெய்யோ! ஆனால் குடும்பம் தெருவுக்கு வந்தது மெய். மனைவி ஆம்பிலிஸ் ட்ரிங்கில் மாற்றாந்தகப்பன் ஆதரவில் குழந்தைகளை வளர்த்தாள். கணவன் மால்டன் என்ற ஊரில் தனியாக இறந்தார். அங்கே ஆல் செயின்ட்ஸ் தேவாலய ஏட்டில் ஒரே வரி: 1653 ஜனவரி 21-ல் அடக்கம். முப்பாட்டனுக்குப் பித்தளைத் தகடு, தகப்பனுக்குச் சின்னம் செதுக்கிய கல். இவருக்கு ஒரு வரி மை.

பிள்ளை ஜான் லண்டனில் ஒரு சிறு கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். வர்ஜீனியாவில் புகையிலை ஏற்றிக்கொண்டு திரும்புகையில், 1657 ஆரம்பத்தில் அந்தக் கப்பல் பொடோமக் ஆற்றில் தரைதட்டியது. ஜான் அங்கேயே தங்கி, அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். சொந்த ஊரில் பிழைக்க வழியிருந்தால் இவர் கப்பல் ஏறியிருப்பாரா?

கோட்டை தேவாலயத்து ஏடு

நிலம் மூத்த மகனுக்குப் போய்விடும் என்பது அந்த வர்க்கத்தின் பொது விதி. இளைய பிள்ளைகள் பாதிரியாராகவோ, பட்டாளத்துக்கோ, வியாபாரத்துக்கோ போக வேண்டும். சிலர் வர்ஜீனியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். சிலர் சென்னைப்பட்டினத்துக்கு ஏறினார்கள். ஆகவே இங்கிலாந்தில் அறுந்துபோன வம்ச நூலைத் தேடுபவர்கள், செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்துப் பதிவேட்டையும் புரட்டுகிறார்கள். 1680-ல் அந்தத் தேவாலயம் திறந்ததும் நடந்த முதல் திருமணம் எலிஹு யேலுடையது. 1753-ல் ராபர்ட் கிளைவின் திருமணமும் அங்கேதான். தேவாலயத்தைச் சுற்றித் தரையில் பதித்திருக்கும் கல்லறைக் கற்கள் ஒரு காலத்தில் கோட்டைக்கு வெளியே பழைய இடுகாட்டில் இருந்தவை. 1758-59-ல் லாலி முற்றுகையிட்டபோது பிரெஞ்சுச் சிப்பாய்கள் அந்தச் சமாதிகளை மறைவிடமாகக் கொண்டு சுட்டார்களாம். அதன் பிறகு கற்களைப் பெயர்த்துக் கொண்டுவந்தார்கள். ஆகவே கல் இருக்கும் இடத்தில் ஆள் இல்லை. பதிவேட்டின் நகல்களோ லண்டனுக்குப் போய், இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

இங்கிலாந்தில் 1837 ஜூலை முதல் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசாங்கமே பதிவு செய்யத் தொடங்கியது. அதற்குப் பிறகு உள்ளவர்களைத் தேடுவது எளிது. 1978-ல் வந்த திருச்சபைச் சட்டத்தின்படி, நூறாண்டு கடந்த பங்குப் பதிவேடுகள் பெரும்பாலும் மாவட்ட ஆவணக் காப்பகங்களுக்குப் போய்விட்டன. படம் பிடித்துக் கம்ப்யூட்டரிலும் ஏற்றியிருக்கிறார்கள். செஸ்டர் குதிரை வண்டியில் ஊர் ஊராகப் போய், பாதிரியாரிடம் சாவி வாங்கிப் பார்த்ததை இன்று வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

சல்கிரேவ் வீட்டை 1914-ல் நன்கொடை திரட்டி வாங்கினார்கள். இரு நாடுகளுக்கும் இடையே போர் ஓய்ந்து நூறாண்டு ஆனதன் நினைவாக வாங்கியது. 1921 முதல் பார்வைக்குத் திறந்திருக்கிறது. ஆம்பிலிஸின் பிறந்தகமும் பின்னர் தெரிய வந்தது: நார்த்தாம்ப்டன்ஷயரின் ஸ்ப்ராட்டன் கிராமம், ட்விக்டன் குடும்பம். ஆனால் அவளுக்கும் லாரன்ஸ் பாதிரியாருக்கும் நடந்த திருமணத்தின் பதிவு கிடைக்கவில்லை. ட்ரிங் ஏட்டில் லாரன்ஸ், எலிசபெத், வில்லியம் ஆகியோர் இருக்க, மூத்தவர் ஜானின் ஞானஸ்நானப் பதிவு அதிலும் இல்லை, வேறு எந்த ஊர் ஏட்டிலும் இதுவரை அகப்படவில்லை.